ஸ்கோர் பார்க்காத சனிக்கிழமை

கிழக்குத் தாம்பரம்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் பிளஸ்ஸிக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, துனிசியாவில் உனக்கும் அந்தத் தோள்பட்டை வலி விட்டிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். நானாகக் கூப்பிடுகிற வரைக்கும் போன் பண்ணாதீர்கள் என்றாய், எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை, அதனால் மெயிலில் எழுதுகிறேன், எரிச்சலோடுதான் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

போன வாரம் மூன்றாவது செட்டில் ஐந்துக்கு மூன்று என்று முன்னால் இருந்தாய், இன்னும் ஒரே ஒரு சர்வீஸ் கேம் எடுத்தால் ஜெயம், அங்கே போய் வரிசையாக டபுள் ஃபால்ட், போட்ட சர்வெல்லாம் வெளியே போய்த் தோற்றாய். அன்றைக்கு நீ போனில் அழுதுகொண்டே சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. எதிர்ல நிக்கிற பொண்ணைப் பாத்து எனக்குப் பயமில்லம்மா, பந்தைத் தூக்கிப் போடும்போது அப்பா போன்ல ஸ்கோரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாருன்னு ஞாபகம் வருது, கை கல்லாப் போயிடுது, தோக்கிறதைக்கூடத் தாங்கிக்கிறேன், அதை வீட்டுக்குச் சொல்றதுதான் முடியல என்றாய். நீ பேசியது ஸ்பீக்கரில் இருந்தது பிளஸ்ஸி, அப்பா பக்கத்திலேயே நின்றார். சின்ன வயதிலிருந்து விடியற்காலையில் உன்னை ஸ்கூட்டரில் டென்னிஸ் கோர்ட்டுக்குக் கூட்டிப்போன மனுஷன், அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துவிட்டார். உன்மேல் எனக்கு அப்படிக் கோபம் வந்தது. அவர்மேல் மட்டும் வராமலா, மேட்ச் முடிந்து நீ முகம்கூடக் கழுவியிருக்க மாட்டாய், அதற்குள் செகண்ட் சர்வை ஏன் அவ்வளவு மெதுவாப் போட்டே என்று மெசேஜ் அனுப்புகிறவரை என்ன செய்வது. கோயிலிலும் இதே கதைதான். நம்ம சபை மகள் ஜெயிக்க ஜெபிப்போம் என்று ஆயர் அறிவிக்கிறார், அடுத்த ஞாயிறு வாசலில் செருப்பு மாட்டும்போதே இந்தத் தடவையும் போயிடுச்சா என்று கேட்கிறார்கள். பொறுக்க முடியாமல் ஆயரிடமே போய், அவ ஜெயிக்க வேணாம் ஐயா, நல்லாத் தூங்கணும்னு ஜெபம் பண்ணுங்க என்று சொல்லிவிட்டேன், அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நேற்று உனக்குத் தகுதிச் சுற்று. இந்தத் தடவையாவது பிள்ளையை விட்டுவைப்போம் என்று இரண்டு பேர் போனையும் பீரோவில் பூட்டிவிட்டு அப்பாவை வண்டலூர் ஜூவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். தாங்க முடியாத வெயில், லீவு நாள் கூட்டம் வேறு. நீர்யானையைப் பாருங்கள் என்றால் இந்நேரம் ஆரம்பிச்சிருக்கும் என்கிறார். குரங்கைக் காட்டினால் அங்க காத்து அடிக்குதோ என்னவோ என்கிறார். தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் புலிக்கூண்டுப் பக்கம் யாரோ ஒரு பெண்ணிடம் குனிந்து நின்று, அவள் போனில் உன் பேரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி அடிக்கவைத்துக்கொண்டிருக்கிறார், எனக்கு வந்த ஆத்திரத்தில் பாட்டிலை விட்டெறியலாம் போல இருந்தது. அவள் பார்த்துவிட்டு, ரெண்டு செட்டும் போயிடுச்சு சார், யாரு சார் இந்தப் பொண்ணு என்று கேட்டாள். அப்பா நிமிர்ந்து, தெரிஞ்ச பொண்ணும்மா என்றார். எனக்கு அடக்க முடியவில்லை, எங்க பொண்ணுதாம்மா என்று கத்தியே விட்டேன், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று டிரெயினில் சண்டை பிடித்தேன், என் பொண்ணுன்னு சொன்னா அது அவளுக்குப் பாரம்னு அவதானே சொன்னா என்றார்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தார், எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். சோபா ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்கிறார், ஏன் பியூலா, சாப்பிட்டியான்னு கேட்டா அதுவும் அவளுக்குப் பிரஷரா. பிளஸ்ஸி, நீயே அவருக்குச் சொல்.

நீ போகிற ஊரெல்லாம் ஆண்டவர் உனக்கு முன்னால் போவாராக, உன் கைகால்களுக்குப் பெலன் தருவாராக. கோர்ட்டில் தொப்பி போட்டுக்கொள், இராத்திரியில் வெறும் பிரெட்டோடு நிறுத்தாமல் சோறு வடித்துச் சாப்பிடு.

முத்தங்களுடன்,
அம்மா
பியூலா ஆபேல்