துரையின் மட்டையும் என் இடக்கையும்

இன்று காலை காரின் பின்பெட்டியைத் திறந்ததும் கருவாட்டு வாசம் அடித்தது. ஸ்பேர் டயருக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். கிடைத்தது உங்கள் கையுறை. கோல்ஃப் ஆடும்போது மாட்டிக்கொள்வீர்களே, அந்த வெள்ளைத் தோல் கையுறை. நனைந்து, காய்ந்து, ஐந்து விரலும் விறைத்து, யாரையோ நில் என்று அதட்டுவது போலக் கிடந்தது. நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. கை மட்டும் இன்னும் அதட்டுகிறது. "ஆடறவன் வேர்வ, அதுல என்ன நாத்தம்?" என்பீர்கள். இரண்டு விரலால் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.

அப்படியும் மனசு அடங்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இறந்தவரைப் பற்றி நல்லதாகவே பேச வேண்டுமாம். உங்கள் காரியத்துக்கு வந்த எஸ்டேட் ஆட்கள் அந்தக் கடமையைக் குறைவில்லாமல் செய்துவிட்டார்கள். எனக்கு மீதி இருப்பது மற்றது.

கெர்லிங் பக்கத்துச் செம்பனை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தீர்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பிள்ளை பங்களாவுக்குக் குடிவந்தது பெரிய காரியம்தான். அதை நான் என்றும் குறைத்துச் சொன்னதில்லை. ஆனால் குடிவந்த அன்றே கூடப் பிறந்து வளர்ந்தவர்களை அடையாளம் தெரியாமல் போய்விட்டது உங்களுக்கு. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது கேட்காது, துரை என்றால் மட்டும் திரும்புவீர்கள். கோல்ஃபும் அந்தத் துரைத்தனத்தோடு சேர்ந்து வந்த சாமான்தான். தொப்பி போல, முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை போல.

கம்பெனியில் தம்பதிகள் போட்டி வைத்தார்கள். டைரக்டரின் மனைவி ஆடுவாராம், அதனால் நானும் ஆட வேண்டுமாம். உங்கள் பழைய மட்டைகளை எஸ்டேட் பட்டறைக்கு அனுப்பி, கைப்பிடிப் பக்கம் கொஞ்சம் அறுக்கச் சொல்லி, என் முன்னால் கொண்டுவந்து போட்டீர்கள். பிடித்துப் பார்த்தேன். கடப்பாரை மாதிரி இருந்தது.

"என்னங்க, நான் இடக்கைக்காரி. இந்தப் பக்கம் நின்னா எனக்கு வராது."

"இடக்கையில ஆடறது பார்க்க அசிங்கமா இருக்கும். டைரக்டர் முன்னால மானத்த வாங்காத. வலக்கையில ஆடு, பழகிடும்."

பல் கிளினிக்கில் தாதியாக இருந்து, அந்த இடக்கையால்தான் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் பல் பிடுங்கியிருக்கிறேன். எல்லாரும் வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் அசிங்கம் என்று சொன்னதில்லை.

உங்கள் பாடம் மொத்தமே இரண்டு வார்த்தை. தலையைக் குனி. பந்து நகராவிட்டால் தலையைக் குனி, வளைந்து போனால் தலையைக் குனி. மட்டை மண்ணைக் கொத்தினால், "தலையைக் குனின்னு சொன்னேன்ல?" மட்டையை விரல்களுக்குள் எப்படிப் பிடிப்பது, காலை எவ்வளவு அகட்டுவது, தோளை எப்போது திருப்புவது, இதெல்லாம் ஒரு நாளும் உங்கள் வாயில் வந்ததில்லை. உங்களுக்கே தெரியாது என்பது பிறகுதான் புரிந்தது. குனிந்த தலைகளைப் பார்க்க உங்களுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

போட்டியன்று முதல் வீச்சு காற்றில் போனது. அடுத்த வீச்சில் ஒரு மண்கட்டி பெயர்ந்து டைரக்டரின் மனைவியுடைய வெள்ளைக் காலணிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. எல்லாரும் மரியாதைக்குப் பேசாமல் நின்றார்கள். நீங்கள் ஒருவர்தான் சிரித்தீர்கள். கரண்டி பிடித்த கை, இதற்கு மேல் என்ன வரும் என்று அவர்களுக்கு இங்கிலீஷில் விளக்கமும் சொன்னீர்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. குனிந்து, காலணி மேல் தெறித்திருந்த மண்ணைத் தட்டிவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். எனக்கு அழுகை வரவில்லை. உங்களைப் பார்த்துக் கூச்சமாக இருந்தது.

அடுத்த வார விடுமுறையில் ராவாங் போனேன். அங்கே பந்தடித்துப் பழகும் இடம் ஒன்று உண்டு. சொல்லிக்கொடுப்பவள் மேரி, தோட்டம் மூடியபோது டவுனுக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், முறையாகப் பயிற்சி முடித்தவள். என் பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஆண்ட்டி, இது யாரோடது?"

"வீட்டுக்காரரோடது. எனக்காக அறுத்துக் குடுத்தாரு."

"அறுத்தா குட்டையாகும், பொருந்தாது லா. தண்டு இன்னும் வெறைப்பாத்தான் ஆகும். பிடியும் ஆம்பளைங்க பிடி, உங்க விரல் சுத்தியே வரல பாருங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "எந்தக் கையில எழுதுவீங்க?"

இடக்கையைக் காட்டினேன்.

"அப்புறம் ஏன் இந்தப் பக்கம் நிக்கிறீங்க?"

பதில் சொல்ல வேண்டுமானால் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என்னை நிற்க வைத்து உயரம் பார்த்தாள், மணிக்கட்டிலிருந்து தரை வரை அளந்தாள். மட்டையின் அடியில் ஒரு நாடாவை ஒட்டி, பலகை மேல் வைத்த பந்தை அடிக்கச் சொன்னாள். நாடாவில் தேய்ந்த இடத்தைப் பார்த்து, மட்டை தரையில் குதிகாலை ஊன்றி நிற்கிறதா, தட்டையாகப் படிகிறதா என்று கண்டுபிடித்தாள். சட்டை தைக்கிறவரிடம் கொடுக்கும் அளவை விட அதிகம். கடைசியில் கைக்கு வந்தவை இடக்கை மட்டைகள். இலேசான தண்டு, மெல்லிய பிடி. முதல் பந்து நேராகப் போனது. தூரம் போகவில்லை, ஆனால் நேராகப் போனது.

"தலைய விடுங்க ஆண்ட்டி. பின்னால போகும்போது தோள் திரும்பட்டும். அடிக்க வரும்போது மொதல்ல இடுப்பு, கை பின்னாலயே வரும். அடிச்சதும் தல தானா நிமிந்து பந்தப் பாக்கும். பாக்கத்தானே அடிக்கிறோம்?"

உங்களிடம் சொன்னபோது, "பொம்பள சொல்லிக் குடுத்து பொம்பள ஆடறது" என்றீர்கள். ஆனாலும் ஒரு நாள் ராவாங்குக்கு வந்தீர்கள், குறை கண்டுபிடிக்க. நீங்கள் அடிப்பதைப் பார்த்து மேரி தன்மையாகத்தான் சொன்னாள்: "அங்கிள், உங்களுக்கும் கொஞ்சம் இளக்கமான தண்டு நல்லாருக்கும். இடுப்பு வலி குறையும்." "நான் என்ன கெழவனா?" என்று கிளம்பிவிட்டீர்கள். பிறகு ரகசியமாகக் கோலாலம்பூர் போய் அதே இளக்கமான தண்டைத்தான் மாட்டிக்கொண்டு வந்தீர்கள். தண்டின் மேல் இளக்கத்தைக் குறிக்கும் எழுத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, கிளப்பில் எல்லாரிடமும் விறைத்த தண்டு என்றே சொன்னீர்கள். இடுப்பில் மருந்துப் பட்டை ஒட்ட என்னைக் கூப்பிடுவது நின்றுபோனதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அறுபது தாண்டிய மனிதர், ஓர் எழுத்தைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு உங்கள் மேல் எனக்குக் கோபம்கூட வருவதில்லை.

எல்லாவற்றிலும் கேவலம் நீங்கள் குழிக்குப் பக்கத்தில் செய்வது. பந்து குழிக்கு அருகில் நின்றால், போதும் எடு என்று எதிராளி விட்டுக்கொடுப்பது உண்டு. கிம்மி என்பார்கள். எதிராளிதான் கொடுக்க வேண்டும். நீங்கள் உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்வீர்கள். பந்தை உருட்டிவிடுவது ஓர் ஆட்டமே இல்லை, தூரம் அடிப்பவன்தான் ஆண் என்று சொல்லிக்கொண்டே குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர்கள். மேரி எனக்கு மட்டையைக் கையில் கொடுத்துப் பல நாள் அந்த உருட்டலையேதான் பழக்கினாள். கண் பந்துக்கு நேர் மேலே, தோள் மட்டும் ஊஞ்சல் போல ஆட, மணிக்கட்டு அசையாமல். பல் பிடுங்கிய கைக்கு அது சுலபமாக வந்தது.

உங்கள் கடைசி ஆட்டத்தில் நம்மோடு இப்ராஹிம் பாய் இருந்தார். கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், உங்களை வாய் நிறைய துரை என்று கூப்பிடுபவர். கடைசிக் குழியில் பந்து கை நீட்டும் தூரத்தில் நின்றது. வழக்கம்போலக் குனிந்தீர்கள்.

"போடுங்க," என்றேன்.

"என்ன?"

"எடுக்காதீங்க. குழியில போடுங்க. நான் எல்லாத்தையும் போட்டுட்டுத்தானே வரேன்."

பாய் வானத்தைப் பார்த்தார். லீவு கேட்டு வந்த ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தீர்கள். பிறகு மட்டையை வைத்து உருட்டினீர்கள். பந்து ஓரத்தைத் தொட்டுவிட்டு விலகிப் போனது. நடந்து போய் மறுபடி உருட்டினீர்கள், விழுந்தது.

பாய் அடிக் கணக்கு எழுதும் அட்டையை எடுத்து, "அஞ்சுன்னு போடுறேன் துரை," என்றார்.

நீங்கள் பந்தைக் குழியிலிருந்து எடுக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஏழு," என்றீர்கள்.

"பரவால்ல லா, நம்மாளுங்கதானே."

"ஏழு போடு பாய்."

உலு யாமில் இருக்கும் நம் வீட்டுக்குக் காரில் திரும்பினோம். பத்தாங்காலி தாண்டிய பிறகு, "கை நடுங்குது இப்பல்லாம்," என்றீர்கள். தடித்த பிடி போட்ட மட்டை இருக்கிறது, நடுக்கத்துக்கு நல்லது, மேரியிடம் போகலாம் என்றேன். "பார்க்கலாம்," என்றீர்கள். சரி என்பதற்கு உங்களிடம் இருந்த ஒரே வார்த்தை அதுதான். போகக் கிடைக்கவில்லை. அந்த வாரமே நெஞ்சு நின்றுவிட்டது.

உங்களைப் போடச் சொன்னதற்கு நான் வருந்தவில்லை. இத்தனை வருஷத்தில் உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான எண் அது.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஒரு பந்து குழிக்குப் பக்கத்தில் நின்றது. "எடுத்துக்குங்கம்மா," என்றார் பாய். உருட்டினேன், தவறியது. மறுபடி உருட்டிப் போட்டுவிட்டு, பாய் கேட்பதற்கு முன்னால் என் எண்ணைச் சொன்னேன். உரக்க, கொஞ்சம் எரிச்சலோடு, தலையை நிமிர்த்தி. சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது அப்படியே உங்கள் குரல்.

அதற்காக உங்களை மன்னிப்பதாக இல்லை. குரலை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.