உள்ளே சங்கடம்

இன்று காலை சுகாதார மையத்தில் ஒரு பெண் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் கைகளிலிருந்து உருகிய மெழுகின் வாசனை வந்தது. விவேக் நகரில் சர்ச்சுக்கு எதிரே நீ மெழுகுவத்தி விற்ற நாட்களில் உன் நகக்கண்ணிலும், துப்பட்டாவிலும், எனக்கென்று நீ பிய்த்து வைத்த பாதி பன்னிலும்கூட இருந்த அதே வாசனை.

"என்ன பண்ணுதுக்கா?" என்றேன்.

"உள்ள ஒரே சங்கடமா கீது டாக்டர்."

உன் சொல்லடி அது. அப்படியே உன் சொல்.

பி.யு.சி. வரை நமக்கு ஒரே பெஞ்சு. பிறகு நான் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன், நீ கடைக்குப் போனாய். முதல் வருடம் நான் எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது உனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடத்தாலும் மூச்சு அடைத்தாலும் நம் தெருவில் எல்லாவற்றுக்கும் சங்கடம்தான். நீ கிளினிக்கில் கன்னட டாக்டரிடம் அதையே கன்னடத்தில் சொன்னாய். அவர் காதில் அது மனக்கவலையாக விழுந்தது. "மனேலி ஏனாதரு ப்ராப்ளமா?" என்று, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டுவிட்டு, தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு அவரைப் போலவே பேசிக் காட்டினாய். "எனக்கு லவ் ஃபெயிலியராம்டி! ஆளு யாருன்னு சொன்னா நானும் ஒருவாட்டி பாத்துக்குவேன்ல?" சிரித்த சிரிப்பில் உனக்கு இரைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்புறம் சொன்னாய்: "நான் சொல்லியே முடிக்கலடி. அதுக்குள்ள அடுத்த பேரக் கூப்ட்டுட்டாங்க."

அந்த மழைக்காலம் முடியும் முன்பே நீ போய்விட்டாய். நுரையீரலில் நீர் கோத்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

விதி என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. சிறுவயதில் உனக்கு வந்த தொண்டை வலியையும் மூட்டு வீக்கத்தையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது உன் இதயத்துக்குள் போய் வால்வைச் சுருக்கிவிட்டது. குடும்பமே ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுக்கும் வீடுகளைத் தேடிப் போகிற நோய் அது. வேளையோடு ஊசி போட்டால் தடுத்துவிடலாம். பங்களா வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த விதி ஏன் அவ்வளவாகப் போவதில்லை? யாராவது பதில் சொல்லட்டும், பிறகு விதியைப் பற்றிப் பேசலாம்.

இன்று பக்கத்து மேஜையிலிருந்த மூத்த மருத்துவர் நிமிராமலே சொன்னார்: "வெறும் டென்ஷன்தாம்மா. அனுப்பிடு, வெளிய க்யூ நிக்குது."

"இவங்க இன்னும் சொல்லி முடிக்கல சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினேன். "சங்கடம்னா எப்படிக்கா? படுத்தா ஜாஸ்தியாவுதா?"

"படுத்தா மூச்சே வர்லம்மா. செவுத்துல சாஞ்சு உக்காந்துகினேதான் தூங்குறேன்."

அவளை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். அடுத்த வீட்டில் கிரைண்டர் ஓடுவது போல அடியில் மெல்ல ஒரு உறுமல் கேட்டது, சுருங்கிய வால்வின் உறுமல். மூத்தவரும் வந்து கேட்டார். இதய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

டீ குடிக்கும்போது அவர் கேட்டார்: "நல்ல காது உனக்கு. கார்டியாலஜிக்குப் போகலாமே. ஃபேமிலி மெடிசின்னு ஏன் வீணா போற?" வீட்டில் அப்பாவும் இதையேதான் கேட்கிறார், இவ்வளவு படித்துவிட்டுச் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுக்கப் போகிறாயா என்று.

"வால்வைச் சரிபண்ண இந்த ஊர்ல நெறைய பேர் இருக்காங்க சார். அவ அவங்க வரைக்கும் போகவே இல்ல. இது மாதிரி ஒரு நாற்காலியிலயே அவளத் திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கு அந்த நாற்காலிதான் வேணும்."

நான் சொன்ன அந்த 'அவ' யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் உன் பெயரைச் சொல்லவில்லை.

திரும்பி வந்து கேஸ் ஷீட்டை எடுத்தேன். நோயாளியின் சொந்த வார்த்தையில் எழுத அதில் ஒரு இடம் உண்டு. எல்லோரும் அதை ஆங்கிலத்தில்தான் நிரப்புகிறோம். நான் 'சங்கடம்' என்று தமிழிலேயே எழுதினேன். அடித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன்.

அடுத்து ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். கால் வலி என்று ஆரம்பித்தவர் ஏதோ யோசித்து நிறுத்தினார். கதவருகே நர்ஸ் அடுத்த பேரைக் கூப்பிட வாயெடுத்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"நீங்க சொல்லி முடிங்க" என்றேன்.