இல்லாத முகில்

போன மாதம் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து நேற்றுத்தான் அலுமாரியைத் திறந்தேன். உங்கள் சட்டைகளில் துறைமுகத்துத் தார் மணம் இன்னும் இருக்கிறது. அவற்றின் அடியில், உலகச் சண்டை முடிந்ததும் வெளிநாட்டு வானியல் சங்கத்துக்கு அனுப்பவென்று நீங்கள் எழுதிவைத்த தாள். அதில் நான்கு நாட்களுக்கு எதிரே ‘முகில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை.

கலியாணம் முடித்த புதிதில், திருவோணத்துக்குத் தெற்கே ஒரு மங்கலான நட்சத்திரத்தைக் காட்டினீர்கள். அது வீங்கிச் சுருங்கி, ஏழு நாளும் சொச்சமும் எடுத்து ஒளி கூடிக் குறையும் என்றீர்கள்.

“கப்பல் விளக்கு எவ்வளவு பெரிசெண்டு தெரிஞ்சால், கப்பல் எவ்வளவு தூரமெண்டு சொல்லலாமெல்லே? இந்தத் துடிப்புத்தான் விளக்கின்ர அளவைச் சொல்லுது. இப்பிடித் துடிக்கிற எத்தினையோ நட்சத்திரங்களை அளந்துதான் பால்வெளியின்ர நடு எங்கை, நாங்கள் எந்த மூலையிலை எண்டு கண்டுபிடிச்சவை.”

எனக்கு நித்திரை தூங்கியது. ஆனாலும் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, அதன் ஒளிக்கு உங்கள் கொப்பியில் எண் போடப் பழகினேன். “கண்டதை மட்டும் எழுதும். காணாததை எழுதாதேயும்.” உங்களிடம் இருந்த ஒரே கண்டிப்பு அதுதான்.

துறைமுகத்தில் குண்டு விழுந்த பிறகு என்னையும் பிள்ளையையும் கந்தளாய்க்கு அனுப்பினீர்கள். உங்களுக்குத் துறைமுக வேலையை விட ஏலாது. தேடுவிளக்குகளுக்குள் வானமும் தெரியாது. அதனால் கொப்பி என்னோடு வந்தது. அங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. துப்புரவான வானத்தின் கீழ் இரவிரவாகப் பிள்ளையோடு விழித்திருந்து, நான்கு விடியற்காலைகள் நட்சத்திரம் பார்க்க என்னால் எழும்ப முடியவில்லை. முந்திய வாரத்து எண்களை அப்படியே பார்த்து எழுதிவிட்டேன்.

நாங்கள் திரும்பி வந்ததும் கொப்பியைப் புரட்டினீர்கள். “பிள்ளையோடை நல்லாக் களைச்சுப்போனீர் என்ன?” என்றீர்கள்.

“ஓம்,” என்றேன்.

பால்வெளியின் கணக்கையே கெடுத்துவிட்டேனோ என்று இரண்டு வருடம் வெட்கப்பட்டுக்கொண்டு உங்கள் பக்கத்தில் படுத்திருந்தேன். நீங்களோ ஒரே எண்கள் திரும்பி வந்ததை அன்றைக்கே கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஏசியிருக்கலாமே! காணாததை எழுதாதேயும் என்ற மனிதர், எனக்காக அந்த எண்களின் இடத்தில் இல்லாத முகிலை எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். கோபம் வருகிறது, அழுகையும் வருகிறது. இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை.

தாளில் அந்த நான்கு இடத்தையும் நான் தொடவில்லை. கொப்பியை மட்டும் திரும்ப எழுத எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்று விடிய எனக்கு விழிப்பு வரவில்லை. வலைக்குப் போய்வந்தவர்கள் வானம் துப்புரவாக இருந்தது என்றார்கள். கொப்பியில் ‘நித்திரை’ என்று எழுதினேன்.