கம்பெனிக்குச் சொன்ன வயது

அக்கா,

இன்று பல்லாவரத்தில் ரயில் நின்றபோது தோல் வாசனை குப்பென்று அடித்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. என்னை நினைக்க வேற நல்ல வாசனையே கிடைக்கலியா என்று திட்டியிருப்பீர்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் நம்மிடம் வந்த அந்தப் பையன் மேல் அடித்ததும் இதே வாசனைதான். வெள்ளிக்கிழமைச் சந்தையில் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான் என்று பிடித்துவந்து லாக்கப்பில் உட்கார வைத்திருந்தார்கள். நெட்டை உடம்பு, அரும்பு மீசை. இலவச சட்ட உதவி வக்கீலாகப் போன நான், பதினெட்டு ஆகாதவனை லாக்கப்பில் வைக்கவே கூடாது என்று கத்திக்கொண்டிருந்தேன். உங்கள் ஜூனியரான எஸ்.ஐ. அலட்டிக்கொள்ளவே இல்லை.

"பெத்த அப்பனே பதினெட்டுன்னு சொல்லிட்டாரு மேடம். உங்களுக்கு இன்னா பேஜாரு?"

பையனின் அப்பா தலையைக் குனிந்தபடி, "ஆமா சார், பதினெட்டு முடிஞ்சிடுச்சு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அந்த ஸ்டேஷனில் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்குகள் உங்கள் பொறுப்பு. பிள்ளைகள் முன்னால் யூனிபார்மில் வரக் கூடாது என்பது சட்டம். நீங்கள் காட்டன் சேலையில் வந்தீர்கள். வந்ததும் பையனை வெளியே அழைத்து பெஞ்சில் உட்கார வைத்தீர்கள்.

"வயசுல சந்தேகம்னா, அது தீர்ற வரைக்கும் அவன் புள்ளதான். மீசையப் பாத்து வயசு சொல்ல நீ இன்னா டாக்டராய்யா?"

எஸ்.ஐ. பேனாவை மூடி வைத்தார். எனக்குப் பரம திருப்தி. நீங்களோ அதற்குள் அப்பாவை வாசல் டீக்கடைக்குக் கூட்டிப் போய்விட்டீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன்.

"கம்பெனிக்குச் சொன்ன வயசா, நெஜ வயசா?" என்று கேட்டீர்கள். பையன் மேல் அடித்த தோல் வாசனையை வைத்தே ஊகித்திருக்கிறீர்கள்.

மனிதர் உடைந்து அழுதுவிட்டார். தோல் பதனிடும் ஷெட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் வேலை. பதினெட்டு என்று சொன்னால்தான் மகனைச் சேர்ப்பார்கள். ஒரு வருஷமாக எல்லோரிடமும் அப்படியே சொல்லிப் பழகியவர், ஸ்டேஷனிலும் அதையே சொல்லியிருக்கிறார்.

"மாத்திச் சொன்னா ரெண்டு பேர் வேலையும் பூடும்மா."

"மாத்தாங்காட்டி புள்ள பெரிய ஜெயிலுக்குப் போவான். திரும்பி வர்றது உன் புள்ளயா இருக்காதுய்யா."

அவர் டீயைக் குடிக்கவேயில்லை. உள்ளே வந்து எஸ்.ஐ. எதிரில் நின்று, "பதினாறு சார். வேலைக்கோசரம் பொய் சொல்லிட்டேன்" என்றார். அவரைத் தப்பாக நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடிச் சான்றிதழ் வாங்கி வந்தேன். மறுநாள் சிறார் நீதிக் குழுமம் பையனை அப்பாவோடு வீட்டுக்கு அனுப்பியது. வேலை இரண்டு பேருக்குமே போய்விட்டது. அப்பா இப்போது இரும்புலியூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

மாடம்பாக்கம் வீட்டில் உங்களைக் கிடத்தியிருந்த அன்று அந்தப் பையனும் வந்திருந்தான். தாடியெல்லாம் வைத்துப் பெரிய ஆளாகிவிட்டான். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதான். அதே எஸ்.ஐ. என்னிடம் வந்து, "யாரு மேடம் அது? அக்காவுக்கு சொந்தமா?" என்று கேட்டார். அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

வழக்கு முடிந்த அன்று நீங்கள் சொன்னீர்கள்: "இதோட அவன் பேர மறந்துடு. எவன் கேட்டாலும் வாயத் தொறக்காத."

"ஆமாம், சொந்தம்தான்" என்று எஸ்.ஐ.யிடம் சொன்னேன்.

அந்தப் பேரை மறக்க முடியவில்லை, அக்கா. ஆனால் யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை, பாருங்கள்.