உரிக்காத படலம்

மார்ச் 4
மீண்டும் அணைந்தது. வெள்ளக் கணிப்பு பாதியைக்கூடத் தாண்டவில்லை. மின்னஞ்சல் பார்த்தால் இந்தக் கணினி சாதுவாக இருக்கிறது; எங்கள் ஊர் ரெட் ஆற்றின் நீரைத் திரையில் ஏற்றத் தொடங்கினால் செத்துவிழுகிறது. கெல்வின் ஃப்ரீசன் தன் கடையில் வேகமான பிராசசரையும், அதன் சூட்டை இழுத்து வெளியேற்றப் புதிய கூலரையும் பொருத்திக் கொடுத்த நாளிலிருந்து இப்படித்தான்.

பதினெட்டாம் தேதி நகர மன்றம் கூடுகிறது. கிழக்குக் கரைத் தாழ்நிலத்தில் வீடு கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்கிறது. அங்கே ஆறு ஏறும் என்பது நீரியல் படித்த எனக்குத் தெரியும். தெரிந்தால் போதாது, வரைபடம் வேண்டும். கணிப்பு முடியாமல் வரைபடம் ஏது?

மார்ச் 6
பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"மதர்போர்டு போயிருச்சு, புரொஃபசர். பாவம், வயசாயிருச்சு" என்றான் கெல்வின். கை பெட்டியைத் தட்டியது. கண் என் நரைத்த தலைமுடியில் இருந்தது.

"திறந்து பாத்தீங்களா?"

"திறக்கவே வேணாம். சத்தத்துலயே தெரிஞ்சுரும். பேசாம புதுசா ஒண்ணு வாங்கிருங்க."

நான் குரலை உயர்த்தவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சத்தத்துலயே தெரியுமாமே! இவன் என்ன பியானோவா பழுதுபார்க்கிறான்?

மார்ச் 7
தூசியை ஊதினேன். மெமரிக் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தேன்; பழுதில்லை. மார்லிஸ் கதவருகே நின்று, "மொறைச்சுப் பாத்தா அதுவே பயந்து ஓடிருமா?" என்று கேட்டாள். நிமிராமல் கடைசிக் குச்சியைத் திரும்பச் செருகினேன். மனைவியிடம் கோபமில்லை என்பதைக் காட்டக்கூட எனக்கு நேரமில்லை.

மார்ச் 8
இரவல் வாங்கிய பவர் சப்ளையை மாட்டினேன். அதே சாவு.

மார்ச் 9
முதல் நாளே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன்: வெப்பத்தைத் திரையில் வைத்துக்கொண்டு கணிப்பை ஓட்டினேன். பிராசசர் கொதிநிலைக்குத் தாவியது. அணைவதற்குள் கூலரின் தகடுகளைத் தொட்டேன்.

குளிர்ச்சி.

கீழே அடுப்பு எரிய, மேலே பாத்திரம் சுடவில்லை என்றால் நடுவில் ஏதோ இருக்கிறது. திருகுகளைக் கழற்றித் தூக்கினேன். கூலரின் அடியில், வெப்பம் கடத்தும் பசை அப்பிய தெளிவான பிளாஸ்டிக் படலம். 'பொருத்துமுன் உரித்தெடுக்கவும்' என்று சிவப்பெழுத்தில், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சிட்டிருந்தது. கெல்வின் இரண்டு மொழியிலும் படிக்கவில்லை.

பெயர் மட்டும் வெப்பத்தை அளக்கும் கெல்வின்!

உரித்தேன். துடைத்தேன். புதுப் பசை இட்டுத் திருகினேன். இப்போது கணிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. தகடுகள் சுடுகின்றன, இவ்வளவு அழகான சூட்டை நான் தொட்டதில்லை.

மார்ச் 10
கடையில் கூட்டம் இருந்தது. நல்லது. படலத்தைக் கவுண்டரில் விரித்தேன்.

"படிங்க. பிரெஞ்சு வரலன்னா பரவாயில்ல."

'புரொஃபசர்' சட்டென்று 'சார்' ஆயிற்று. "அவசரத்துல விட்டுப்போச்சு, சார்... எப்படியும் பழைய மெஷின்தானே?"

"மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. சத்தம் கேட்டுப் பாக்குறீங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 13
கணிப்பு முடிந்தது. கெல்வினின் கை படாமல் நானே மெமரியை இரட்டிப்பாக்கி இன்னொரு முறை, நிலத்தை மேலும் நுணுக்கமான கட்டங்களாகப் பிரித்து ஓட்டினேன். அதே விடை: தாழ்நிலத்தில் ஓர் ஆள் உயரத் தண்ணீர்.

மார்ச் 18
மன்றத்தில் நிறுவனத்தின் பொறியாளர் எழுந்து, "இவரு வீட்டு மேசையில வச்சு ஓட்டுன கணக்குங்க இது" என்றார்.

மேயர் ஆர்லீன் என் வரைபடத்திலிருந்து தலை தூக்கவில்லை. "தண்ணியும் வீட்டுக்குள்ளதான வரப்போகுது? உங்க கணக்கு எங்க?"

பொறியாளரிடம் படம் இருந்தது. வீடுகளின் படம், புல்தரையும் ஊஞ்சலும் வரைந்தது. நீர்மட்டம் இல்லை.

நிறுவனத்துக்கு ஆதரவாக ஒரே ஒரு கை. அனுமதி மறுக்கப்பட்டது. நான் கோப்பை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் மார்லிஸ் என் கையைப் பிடித்து, "இப்பவாவது சிரியேன்" என்றாள்.

ஏப்ரல் 22
பனி உருகி ஆறு கரை ஏறியது. நாங்கள் கிழக்குக் கரையில் காரை நிறுத்திப் பார்த்தோம். தாழ்நிலம் முழுக்கத் தண்ணீர். காட்டு வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. அங்கிருந்து மீட்கப்பட வேண்டியவர் ஒருவரும் இல்லை.