மூக்குக்கு இரண்டு துளி

கார்த்திகை 4, செவ்வாய்
விடியலிலிருந்து தூறல். அக்காவின் குழந்தையின் துணி ஒன்றும் காயவில்லை. பிள்ளை பிறந்த முப்பத்தொன்று கழிந்து நாலு நாள். கனடாவிலிருந்து அத்தானின் தமக்கை அனுப்பிய பெட்டி வந்தது. பேபி ஒயில் மூன்று போத்தல், பவுடர், எனக்கு லிப் பாம்.

போத்தலின் பின்பக்கம் வாசித்தேன். முதலில் இருப்பதே மினரல் ஒயில். மண்ணெண்ணெய் வரும் அதே கச்சா எண்ணெயிலிருந்து எடுப்பது. என் லிப் பாமிலும். கை கிறீமிலும்.

அக்கா: “கான்சர் கீன்சர் வருமோ எண்டு பாத்துச் சொல்லடி. நீதானே வீட்டிலை வாசிக்கிற ஆள்.”

கார்த்திகை 5, புதன்
மழை இல்லை. பள்ளிக்கூடத்தில் இடைவேளை முழுக்க இதே வாசிப்பு. பிள்ளைகளின் கொப்பிகள் திருத்தாமல் கிடக்கின்றன.
– பெரிய பயம் சரியாகச் சுத்திகரிக்காத எண்ணெய் பற்றியது.
– பூசுபொருட்களில் சேர்ப்பது நன்றாகச் சுத்திகரித்தது. தோலின் மேலேயே நிற்கும்.
– உதட்டில் பூசுவது வாய்க்குள்ளும் போகும். அதில் இன்னும் கேள்விகள். லிப் பாம் மேசை லாச்சிக்குள் போனது.

வீட்டில் தீர்ப்புச் சொன்னேன்: “சுத்தமான எண்ணெய். பயப்பிடாமல் பாவிக்கலாம்.”
அம்மா: “அப்ப தேங்காயெண்ணெயை விடத் திறம்?”
“ஓம்” என்றேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கார்த்திகை 10, திங்கள்
மப்பு வானம். மருதனார்மடம் சந்தையில் அக்காவுக்கு முருங்கையிலை. கொப்பிகள் திருத்தி முடிந்தது. எங்கள் குஞ்சுக் குழந்தைக்கு இரண்டு நாளாக இருமல், பால் குடிக்கும்போது மூச்சு இளைக்கிறது. அம்மா தடிமன் என்கிறார். அக்கா மடியிலிருந்து இறக்கவே இல்லை.

கார்த்திகை 11, செவ்வாய்
குஞ்சின் இருமலால் நான் லீவு. வீடு வீடாகப் பிள்ளை பார்க்கும் மிட்வைஃப் பிரபா மு.ப. 10க்கு வந்தாள். என் வயதுதான். மழை அங்கியை உதறினாள், கை கழுவினாள், வழக்கம்போல் தராசை எடுக்கவில்லை. குழந்தையின் சட்டையை உயர்த்தி, மணிக்கூட்டைப் பார்த்தபடி மூச்சை எண்ணினாள். ஒரு முழு நிமிடம்.

பிறகு: “அம்மா, எப்பிடிக் குளிப்பாட்டுறனீங்கள்? எனக்கு ஒருக்காச் செய்து காட்டுங்கோ. தண்ணி வேண்டாம், சும்மா கையாலை.”

அம்மாவுக்கு உற்சாகம். காலை நீட்டி இருந்து, தலை, நெஞ்சு, முதுகு என்று காற்றில் தடவிக் காட்டினார். கடைசியில் மூக்கு. ஒவ்வொரு துவாரத்துக்கும் இரண்டு துளி.
“என்ன எண்ணெய், அம்மா?”
“முந்தித் தேங்காயெண்ணெய். இப்ப உந்தக் கனடா ஒயில். விட்டால் தும்மல்கூட வராது, பிள்ளை. எங்கடை சின்னவளும் படிச்சுப் பாத்துச் சுத்தம் எண்டவள்.”

காது இரண்டும் சுட்டன எனக்கு.

பிரபாவின் குரல் மாறவில்லை. “தோலுக்குப் பூசலாம். மூக்குக்கு எந்த எண்ணெயும் வேண்டாம், நெஞ்சுக்குள்ளை இறங்கிப்போடும். தும்மாமல் இறங்கிறதாலைதான் உது கூடப் பயம்.”
“ஐயோ, என்ரை கையாலை...”
“கையிலை பிழை இல்லை, அம்மா. வடிவாத் தடவுறியள். மூக்கை மட்டும் விடுங்கோ. மூச்சு வேகமா இருக்கு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம். போத்தலையும் எடுங்கோ, டொக்டர் பாக்கோணும்.”

ஓட்டோவுக்கு அவளே போனில் கோல் எடுத்தாள். நான் இரண்டு நாள் வாசித்தேன். அந்த எண்ணெயை எங்கெங்கே விடுகிறீர்கள் என்று ஒரு தரம்கூட அம்மாவைக் கேட்கவில்லை. இவள் வந்து கால்மணித்தியாலத்துக்குள் கேட்டுவிட்டாள்.

கார்த்திகை 13, வியாழன்
கொட்டும் மழை. ஆஸ்பத்திரி வாட்டில் குஞ்சோடு அக்கா, வெளி வாங்கில் இருந்தபடி அம்மா. எக்ஸ்ரேயில் வலது பக்கம் சின்ன நிழல். மூக்குக்கு எண்ணெய் விடுவதை நிறுத்தினால் மெல்ல மறையும், ஆனால் விடாமல் பார்க்கவேண்டும் என்றார் டொக்டர். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கார்த்திகை 16, ஞாயிறு
வெயில்! துணி முழுதும் காய்ந்தது. குஞ்சு நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். விடுமுறை நாளிலும் பிரபா எட்டிப் பார்த்தாள். சுத்தம் என்று சொன்னது நான்தான் என்றேன்.
“தெரியும். இனிப் போத்தலோடை பிள்ளையையும் வாசியுங்கோ, ரீச்சர்.” சிரித்தாள். மூச்சை எண்ணும் விதத்தை எனக்கும் காட்டி, நிமிடத்துக்கு அறுபதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பி.ப. குளிப்பாட்டல். நெஞ்சு, முதுகு. பழக்கத்தில் அம்மாவின் கை மூக்குக்குப் போய், பாதியில் நின்றது. குஞ்சைத் துவாயால் சுற்றி என்னிடம் நீட்டினார்.
“எண்ணடி.”
நாற்பத்தொன்று. திரும்பவும் எண்ணினேன்.