நிற்காத இன்டர்சிட்டி

6 ஒக்., திங்கள்

விடியலிலிருந்தே மழை. தோட்டத்தில் ரப்பர் வெட்டு இல்லை, லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் வீட்டோடு. எனக்கு மட்டும் கண்டி வேலை. தீபாவளி நேரம், துணிக்கடையில் லீவு கேட்க முடியாது.

ஸ்டேஷனில் நோட்டீஸ். இன்றிலிருந்து இன்டர்சிட்டி ரயில் இங்கே நிற்காது. புதுப் பாதை போடவில்லையாம். பழைய பாதையிலேயே வளைவு திருத்தி, சிலிப்பர் கட்டை மாற்றி, சின்ன ஸ்டேஷன்களை விட்டுவிட்டு வேகமாக ஓட்டுவார்களாம். தூரம் போகிறவர்களுக்கு நல்லதுதான். என் வீட்டுக்காரர் த்ரீவீல் ஓட்டுவது இந்த ஸ்டேஷன் வாசலில். ஹயருக்கு ஏறுகிறவர்களே அந்த ரயிலில் இறங்குகிறவர்கள்தான்.

சாயந்தரம் கொதித்துக்கொண்டு வந்தார். "நிக்காமப் போறத நாங்களும் பாக்குறோம்."

7, செவ்வாய்

மழை. எங்கள் ஸ்லோ ட்ரெயினை பக்கத்து லூப் லைனில் ஒதுக்கி இன்டர்சிட்டியை விட்டார்கள். வேலைக்கு லேட், முதலாளியிடம் ஏச்சு. சீனி, சோப்பு வாங்க மறந்தேன்.

8, புதன்



வேலை முடிந்து வர ஸ்லோ ட்ரெயின் கேன்சல். கண்டியில் இன்டர்சிட்டி ஏறினேன், எங்கள் ஸ்டேஷனைத் தாண்டி பொல்காவலையில் இறங்கி பஸ்ஸில் திரும்பலாம் என்று. ஜன்னலோரம் ஒரு நர்ஸ் பிள்ளை, நில்மினி. பயிற்சி முடியப்போகிறதாம். கொய்யாக்காய் வெட்டித் தந்தாள், மிளகாய்த்தூள் தொட்டு.

எங்கள் ஸ்டேஷன். விடாமல் ஹோர்ன். பிளாட்பாரம் முழுக்க ஆட்கள், கத்தல். முதல் கல் கூரையில். பிறகு சரமாரியாக. முன்வரிசையில் இவர். காலையில் நான் அயர்ன் பண்ணிக் கொடுத்த நீலச் சட்டை. கை ஓங்கியது. எங்கள் ஜன்னல் வெடித்தது.

"அம்மே!"

அவள் இடது கண் இருந்த இடத்தில் ரத்தம் மட்டும். முந்தானையை வைத்து அழுத்தினேன். விரலிடுக்கில் சூடாக வழிந்தது. நின்றால் இன்னும் அடிப்பார்கள் என்று ரயிலை நிறுத்தவில்லை. பொல்காவலை வரை என் மணிக்கட்டை அவள் விடவில்லை. நகம் பதிந்த இடம் எரிகிறது.

வீட்டில் இவர் சேலையைப் பார்த்தார்.

"யாரு ரத்தம்?"

"நீங்க எறிஞ்ச கல்லு பட்ட பிள்ளையோட ரத்தம்."

"நீ அதுலயா வந்த?" அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

9, வியாழன்

கல்லெறிந்தான் என்று பொலிஸ் வந்து சுனிலை இழுத்துப்போனது. சிங்களப் பையன், ஸ்டாண்டில் இவருக்கு ரொம்ப நெருக்கம். ரோட்டில் வைத்தே பொல்லுத்தடியால் அடி. ஸ்டேஷன் கடை முஸ்லிம் நானா சொன்னார்: "எறிய வேணாம்னு ஒவ்வொருத்தன் கையா புடிச்சவன் அவன். அவனயே அள்ளிட்டுப் போறானுங்க."

நர்ஸ் பிள்ளையின் கண்ணை எடுத்தாயிற்றாம். ரேடியோவில்.

"போய்ச் சொல்லுங்க," என்றேன்.

"எறிஞ்சது தமிழன்னு தெரிஞ்சா லயத்தையே கொளுத்திருவானுங்க."

"அதுக்கு சுனில் சாகணுமா?"

அறைந்தார். விழுந்தேன், உதடு கிழிந்தது. கல்யாணமாகி முதல் தடவை. எழுந்து அடுப்பிலிருந்த கேத்தலைத் தூக்கி எறிந்தேன். கொதி தண்ணீர் அவர் தோளில்.  பிள்ளைகள்தான் கத்தினார்கள்.

அவர் சொன்னது பொய்யில்லை. அப்பா காலத்துக் கலவரத்தில் இந்த லயம் எரிந்திருக்கிறது.

10, வெள்ளி

மழை விட்டது. தனியாகவே பொலிசுக்கு நடந்தேன். பின்னால் இவர் த்ரீவீல்.

"ஏறு."

ஏறினேன். வழியில் சொன்னது இது மட்டும்: "பிள்ளைங்கள அக்கா வீட்டுல விட்டுட்டேன்."

வாசலில் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அடி விழும் சத்தம். பிறகு அவர் குரல். சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றேன்.

மத்தியானம் சுனிலை விட்டார்கள். முகம் ஒரு பக்கம் வீங்கி, முன்பல் இல்லை.

"அக்கே, அண்ணா எங்க?"

உள்ளே கைகாட்டினேன். கதவுவரை போய்த் திரும்பினான். பிறகு என்னிடம் சாவியை வாங்கி, த்ரீவீலில் ஏறி உட்கார்ந்தான். ஸ்டார்ட் பண்ணவில்லை. ஹேண்டிலில் தலையை வைத்து அழ ஆரம்பித்தான்.